எட்டுச் சக்கர வண்டி

“முதல்ல நான் சொல்றதை—”

“நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே இந்த—”

“—முழுசா கேளு. சக்கரம் எங்கேயாவது வண்டியைப் பிடிச்சு—”

“—மூணு பேரு. வரிசையா மூணு பேரு டெஸ்ட் மேட்டுல—”

“—இழுக்குமா? சக்கரம்னா உருளும். உருள்றதுதான் அதுக்கு—”

“—இன்ஜின் அணைஞ்சு போய் நின்னிருக்காங்க. என்கிட்ட கத்துக்கிட்டவங்க. இத்தனை வருஷத்துல என் ஆளுங்க ஒருத்தர் மேட்டுல நின்னது உண்டா? கேளுங்க. உங்க அக்காகிட்டயே கேளுங்க.”

“எங்கக்காகிட்ட என்னத்தக் கேக்கறது? நின்ன மூணு பேர்ல ஒருத்தி அவதான்.”

மூலையில் அடுக்கியிருந்த டயர்களின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா, தன் தலை உருளத் தொடங்கியதும் டம்ளரைக் கீழே இறக்கினாள்.

“என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? நான்பாட்டுக்கு டீ குடிச்சிட்டு இருக்கேன்.”

அந்தக் கடையில் சண்டை போடத் தோதான இடம் அதிகம் இல்லை. ஒரு சுவர் முழுக்கக் கூரை வரைக்கும் டயர்கள். எதிர்ச் சுவரில் காற்றடிக்கும் இயந்திரம். மிச்சமிருந்த இடத்தை, தலையில் ‘பயிற்சி வண்டி’ என்ற பலகையைச் சுமந்த ஒரு சின்னஞ்சிறு கார் அடைத்துக்கொண்டிருந்தது. காருக்கு அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் மனைவி. நடுவில் பலகை மறைத்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தக் குறையைக் குரலால் ஈடுகட்டினார்கள்.

கணவர் டயர் கடைக்காரர். மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருபவள். ‘மாஸ்டர்’ என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். கணவரும் நாலு பேர் முன்னால் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் ‘இந்தாம்மா’ என்பார். இப்போது ‘இந்தாம்மா’ நடந்துகொண்டிருந்தது.

“இந்தாம்மா, அது உனக்குக் கல்யாண நாளுக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினது. அதைப் போய்க் குத்தம் சொல்றியே.”

“வாங்கினதைக் குத்தம் சொல்லல. மாட்டினதைச் சொல்றேன்.”

“சக்கரத்தை வாங்கி மாட்டாம என்ன பண்ணுவாங்க? கழுத்துல போட்டுக்குவாங்களா?”

சக்கரங்கள் அழகானவை. அதில் யாருக்கும் வேறு கருத்து இல்லை. கருப்பும் வெள்ளியுமாகப் பத்துக் கம்பிகள் விரிந்து, பழையதைவிட இரண்டு அளவு பெரிதாக இருந்தன. வண்டி நிற்கும்போதும் ஓடுகிற மாதிரி ஒரு தோற்றம் தரும். சிக்கல் என்னவென்றால், ஓடும்போது நிற்கிற மாதிரி இருந்தது.

“அலாய் சக்கரம்னா லேசா இருக்கும்னு சொன்னீங்க.”

“லேசுதான்.”

“அப்ப ஒண்ணைத் தூக்குங்க பார்ப்போம்.”

“எனக்கு இடுப்பு வலி.”

“எப்ப வந்தது? இதை மாட்டினப்பவா?”

கடைக்காரர் துடைக்கும் துணியை எடுத்து, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

“சரி, பழைய அளவுலயே அலாய் போட்டா லேசு. இது பெருசு. பெருசுன்னா கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனா டயரை மெலிசா போட்டு, மொத்த உயரம் ஒரு விரல்கூட மாறாமப் பார்த்துக்கிட்டேன். இன்ஜினுக்கு வித்தியாசமே தெரியாது. நாலும் சேர்ந்து எவ்வளவு கூடிடும்ங்கற? உன் தம்பி வண்டியில ஏறினா என்ன கூடுமோ அதுல பாதி. உன் தம்பியை வச்சுக்கிட்டு நீ மேட்டுல போனதே இல்லையா?”

“என் தம்பி ஏறினா சீட்டுல உட்கார்ந்துட்டு வருவான். வழியெல்லாம் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டு வரமாட்டான்.”

அக்காவுக்குத் தேநீர் புரையேறியது.

“சிரிக்காதக்கா. நாளைக்கு டெஸ்ட் உனக்குத்தான்.”

“அவங்க சிரிக்கட்டும்,” என்றாள் மாஸ்டர். “நான் சொல்றது அவங்களுக்காவது புரியுது. சக்கரத்துக்கு ரெண்டு வேலை. வண்டியோட முன்னாலயும் போகணும், தன்னைத் தானே சுத்தவும் செய்யணும். டிக்கியில ஒரு மூட்டையை வச்சா அதை இழுத்தாப் போதும். சக்கரத்து விளிம்புல வச்சா இழுக்கவும் வேணும், சுத்தி விடவும் வேணும். ஓடிக்கிட்டு இருக்கறப்ப இது தெரியாது. நின்ன இடத்துலேர்ந்து எடுக்கும்போதுதான் வண்டி ‘என்னை விட்டுடு’ன்னு கெஞ்சுது. பிரேக் போட்டாலும் அதே கதை. சுத்த ஆரம்பிச்சது சீக்கிரம் நிக்காது.”

“சக்கரத்தைப் பத்தி எனக்கே பாடமா?”

“கிளட்சைப் பத்தி எனக்கு நீங்க நடத்தலையா?”

“நடத்தத்தான் செய்வேன். வண்டி சரியா இருக்கு. பெட்ரோல் சரியா இருக்கு. மேடும் அதே மேடு. மாறினது என்னன்னு பார்த்தா, நீ முன்ன மாதிரி சொல்லித் தரலையோன்னு எனக்குத் தோணுது.”

அடுத்த நொடி பாயும் என்று கடைக்காரர் எதிர்பார்த்த வார்த்தை வராததால், துணியோடு அவர் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைத் தெருவில் எல்லோரும் நர்சம்மா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், வார்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போதுதான் அவள் விரும்பிய வேலை ஒன்று வாசல்வரை வந்து நின்றது. வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களின் புண்ணுக்குக் கட்டு மாற்றி, பிறந்த குழந்தைகளைப் பார்த்து வரும் வேலை. ஆஸ்பத்திரியே வண்டி தரும். ஓட்டுநர் உரிமம் மட்டும் இருக்க வேண்டும். டெஸ்டில் தேறிய சீட்டை நாளை மதியத்துக்குள் அலுவலகத்தில் காட்டாவிட்டால், வேலை பக்கத்து வார்டு நர்சுக்குப் போய்விடும். அந்த அம்மாளுக்கு உரிமம் இருந்தது. குழந்தைகளைத்தான் பிடிக்காது.

“நீங்க ரெண்டு பேரும் யார் சரின்னு அப்புறம் முடிவு பண்ணிக்குங்க,” என்றாள் நர்சம்மா. “எனக்கு வார்டு சுவத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. நாளைக்கும் நான் மேட்டுல நின்னேன்னா மிச்ச காலமும் அதே சுவருதான். அதனால கேக்கறேன், பழைய சக்கரத்தை மாட்டிப் பார்த்துட்டா என்ன?”

“மாட்டினா வண்டி லேசாயிடும்க்கா. லேசானா ஏறத்தான் செய்யும். உடனே இவ, ‘பார்த்தீங்களா, சுத்தற கனம்தான் காரணம்’னு ஆரம்பிப்பா. நான் ஒத்துக்க மாட்டேன்.”

“சரி. பிள்ளைக்கு எடை பார்க்கறப்ப நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? போன தடவை எந்தத் துணியில சுத்தி வச்சோமோ, அதே துணியிலதான் இந்தத் தடவையும் வைப்போம். அப்பத்தான் கூடினது பிள்ளையா துணியான்னு தெரியும். நீங்களும் எட்டு சக்கரத்தையும் வண்டியில ஏத்துங்க. நாலு கீழ, நாலு உள்ள. ஒரு தடவை புதுசு கீழ, பழசு உள்ள. அப்புறம் மாத்திப் போடுங்க. மொத்தக் கனம் ரெண்டு தடவையும் ஒண்ணுதானே? எது சுத்துது, எது சும்மா உட்கார்ந்து வருதுங்கறது மட்டும்தான் மாறும்.”

“சரி,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஒரே வார்த்தையைச் சேர்ந்து சொல்லிவிட்டதில் இருவருக்குமே கொஞ்சம் சங்கடம்.

கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. சரக்கு வண்டிகள் ஏறி இறங்குவதற்காக அதன் வாசலில் சிமெண்ட் சரிவு போட்டிருந்தார்கள். டெஸ்ட் மைதானத்து மேட்டுக்கு அது கூடப் பிறந்தது மாதிரி இருக்கும். சாயங்காலம் கிடங்கு பூட்டிவிட்டால் கேட்பாரில்லை.

புதுச் சக்கரங்கள் ஏற்கெனவே வண்டியில்தான் இருந்தன. பழைய நான்கில் இரண்டை டிக்கியில் திணித்தார்கள். மிச்சம் இரண்டும் பின் இருக்கையில், விருந்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. கடைக்காரர் இரண்டுக்கும் பெல்ட் போட்டுவிட்டார்.

“சக்கரத்துக்கு எதுக்குங்க பெல்ட்?”

“மேட்டுல உருண்டு வந்து உன் பிடறியில விழுந்தா, அதுக்கும் என் சக்கரம்தான் காரணம்ப.”

நர்சம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பக்கத்தில் மாஸ்டர். கடைக்காரர் ஒரு மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.

டெஸ்டில் உள்ள மாதிரியேதான். பாதி மேட்டில் நிறுத்த வேண்டும், கைப்பிரேக் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் தலையாட்டியதும் பின்னால் நழுவாமல் எடுக்க வேண்டும். நர்சம்மா பாதியில் நிறுத்தினாள். கைப்பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, நல்ல பிள்ளையாக மேலே ஏறிப்போய் நின்றது.

கடைக்காரர் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

“இன்னொரு தடவை,” என்றாள் மாஸ்டர்.

இன்னொரு தடவையும் ஏறியது.

“மறுபடியும்.”

மறுபடியும் ஏறியது. கடைக்காரர் மேலே நடந்து போய், மாஸ்டர் பக்கத்துக் கண்ணாடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“எட்டு சக்கரத்தையும் சுமந்துக்கிட்டு ஏறியிருக்கு. புதுச் சக்கரத்துலதான் ஏறியிருக்கு. சக்கரத்தைத் திட்டின வாய் இப்ப எங்கேம்மா?”

அவர் எதிர்பார்த்தது ஒரு நல்ல சண்டை. மாஸ்டரோ முன்கண்ணாடி வழியாகக் கிடங்கின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான்தான் சரியில்ல,” என்றாள் மெதுவாக. “மூணு பேரும் என்னாலதான் தோத்திருக்காங்க. அண்ணி, உங்களுக்கு வேற யாரையாவது பார்த்திருக்கலாம்.”

வென்றவருக்கு அந்த வெற்றி உடனே கசந்துபோனது. முழங்கையை எடுத்துவிட்டார். “நான் அப்படிச் சொல்ல வரல…” என்று ஆரம்பித்து, எப்படிச் சொல்ல வந்தோம் என்பது தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

“ஏம்மா முகத்தைத் தொங்கப் போடற?” என்றாள் நர்சம்மா. “நீ நல்லாத்தான் சொல்லித் தர்ற. வண்டியும் தங்கமான வண்டி. மேட்டுல நான் லேசா கால் வச்சாப் போதும், மிச்சத்தை அதுவே மிதிச்சுக்குது.”

“எதை மிதிச்சுக்குது?”

“ஆக்ஸிலரேட்டரைத்தான். என் காலுக்கு அடியில தானாவே இன்னும் கொஞ்சம் இறங்கும். புது மாதிரி வண்டி, மேட்டைக் கண்டா அதுவே புரிஞ்சுக்கும்போலன்னு நினைச்சேன். அன்னிக்கு டெஸ்ட்லதான் என்னமோ இறங்கவே மாட்டேன்னுடுச்சு. இன்ஸ்பெக்டரைப் பார்த்து வண்டிக்கும் பயம்போல.”

பின் இருக்கைச் சக்கரங்கள்கூட ஏதோ கேட்டுவிட்டவை போல உட்கார்ந்திருந்தன.

கடைக்காரர் மெல்லக் குனிந்து, கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டு, மனைவியின் காலடியைப் பார்த்தார். பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவருக்கும் தனி மிதிகள் உண்டு. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றும். இரண்டு பக்கத்தையும் கம்பி போட்டு இணைத்திருக்கும். இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும். மாஸ்டரின் வலது செருப்பு மூன்றாவது மிதியின்மேல், பூனை மாதிரி சுகமாகப் படுத்திருந்தது.

“ஓஹோ,” என்றார் கடைக்காரர்.

மாஸ்டரும் குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

“நான் மிதிக்கலீங்க.”

“அப்ப யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது. வண்டி திணறினா கால் தானா…”

“தானா இறங்கிடுது. வண்டிக்கு இல்ல, உனக்கு. எங்கக்கா இத்தனை நாளா மேடு ஏறல, நீதான் ஏத்தி விட்டிருக்க. இன்ஸ்பெக்டர் காலை மடக்கி உட்கார்ந்ததும் வண்டி நின்னுடுச்சு. இதுல என் சக்கரத்துமேல பழி.”

“வண்டி ஏன் திணறுச்சுன்னு கேளுங்க. முன்னெல்லாம் என் கால் அங்க போனதே இல்ல. இந்தச் சக்கரம் வந்த பிறகுதான்—”

“கால் உன்னோடது—”

“—சக்கரம் உங்களோடது—”

“நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்?” என்றாள் நர்சம்மா. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் போடும்போது அவள் பயன்படுத்தும் குரல் அது. இருவரும் வாயை மூடினார்கள். “அப்ப நான் இன்னும் ஒரு தடவைகூட நானா ஏறினதில்ல. அப்படித்தானே?”

மாஸ்டர் தன் செருப்பையே பார்த்தாள்.

“அப்ப இப்ப ஏறிப் பார்க்கறேன். நீ காலைத் தூக்கி மேல வை.”

அந்தச் சின்ன வண்டியின் முன் இருக்கையில் சம்மணம் போடுவது லேசான காரியம் இல்லை. மாஸ்டரின் ஒரு முழங்கால் கியர்க் கம்பியையும், இன்னொன்று கதவையும் இடித்தது. பார்க்க, தவத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள்.

பாதி மேடு. நிறுத்தினாள். கைப்பிரேக்கை விட்டாள். வண்டி குலுங்கியது. அணைந்தது.

மறுபடி. குலுங்கியது. அணைந்தது.

மூன்றாவது தடவை பின்னால் நழுவிக் கட்டையில் இடித்து நின்றது. கடைக்காரர் கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, அக்காவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். நர்சம்மா ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

“நாளைக்கு இதுதான் நடக்கும்,” என்றாள். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் வண்டியைச் சமதளத்துக்கு இறக்கச் சொன்னார். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். நட்டுகளைக் கழற்றினார். அவர் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்தால் எந்த இடுப்பிலும் எந்த வலியும் இல்லை என்றே தோன்றும். புதுச் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், தூக்கி நின்ற வண்டியில் அதை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். சோம்பலாக அசைந்து, பிறகு சுற்றி, நிறுத்தப் போன கையையும் கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டு போனது. அதே இடத்தில் பழைய சக்கரத்தை மாட்டி ஒரே விரலால் தள்ளினார். அது காற்றாடி போலச் சுற்றியது; ஒரே விரலில் நின்றது. நின்ற பிறகும் கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க பார்க்கறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

புதுச் சக்கரங்கள் உள்ளே போயின. இரண்டு டிக்கியில், இரண்டு பின் இருக்கையில். ஒவ்வொன்றையும் தூக்கும்போது கடைக்காரரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“இடுப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டாள் மாஸ்டர்.

“பேசாம ஏறிச் சம்மணம் போடு.”

பாதி மேடு. நர்சம்மா நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். கைப்பிரேக்கை விட்டாள். வண்டி நடுங்கியது. மாஸ்டரின் மடித்த கால் அவளை அறியாமல் துடித்தது. இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு, யாரும் உதவாமல், யாரும் தள்ளாமல், மேலே போனது.

நர்சம்மா உச்சியில் நிறுத்தினாள். பின்பக்கமாகவே மெதுவாகக் கீழே இறக்கினாள். யாரும் சொல்லாமலே மறுபடி ஏற்றினாள். மறுபடியும் இறக்கினாள்.

“அண்ணி, போதும்.”

“இரும்மா. இப்பத்தான் எனக்கே தெரியுது, ஏறறதுன்னா என்னன்னு.”

கீழே வந்து நின்றதும் கடைக்காரர் கட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

“கொஞ்சம்தான் வித்தியாசம்,” என்றார். தோற்றவர் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் கிளை. “நான் ஓட்டினா ஒண்ணும் தெரியாது.”

“நமக்குத் தெரியாதுங்க. நம்ம காலு நம்மளைக் கேக்காமலே சரி பண்ணிடும். கத்துக்கறவங்க காலுக்கு இன்னும் அந்தக் கள்ளத்தனம் வரலையே.”

கடைக்காரர் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த தன் பரிசைப் பார்த்தார்.

“எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரன் உன் வண்டியைத் தகரடப்பான்னு சொன்னான். என் கடை வாசல்லயே நின்னுக்கிட்டு. அதான்… நாலு பேரு திரும்பிப் பார்க்கட்டும்னு.”

“பார்க்கத்தான் செஞ்சாங்க,” என்றாள் மாஸ்டர். “மேட்டுல நின்னப்ப எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.”

அவர் முகம் போன போக்கைக் கண்டு அவளுக்கே பாவமாக இருந்தது.

“எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. இல்லேன்னா போட்ட மறுநாளே கழட்டச் சொல்லியிருக்க மாட்டேனா? பிடிச்சதனாலதான் என் கால் அதுக்கு வக்காலத்து வாங்கிட்டு இருந்திருக்கு, எனக்கே தெரியாம.”

“நீங்க கொஞ்சிக்கறது இருக்கட்டும்,” என்றாள் நர்சம்மா. “புதுச் சக்கரத்தை முதல்ல இறக்குங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டர் பின்னால திரும்பிப் பார்த்தா யாரு இவங்கன்னு கேப்பாரு.”

மறுநாள் காலை டெஸ்ட் மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே கணவனும் மனைவியும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஆள் வாட்டசாட்டமானவர். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

“போச்சு,” என்றார் கடைக்காரர். “இந்த மனுஷன் ஒருத்தரே எட்டு சக்கரக் கனம் இருப்பாரு.”

“பரவாயில்ல. அவரு சுத்தமாட்டாரு.”

“காலை எங்க வச்சிருக்காரு?”

“மடக்கித்தான். எப்பவும் மடக்கித்தான் வைப்பாரு.”

வண்டி வளைவில் திரும்பியது. கோட்டை ஒட்டி நின்றது. நர்சம்மாவின் தலை கண்ணாடிக்குள் நிமிர்ந்தே இருந்தது. வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது.

பாதியில் நின்றது. கைப்பிரேக் விளக்கு முன்னால் எரிந்திருக்கும், இங்கிருந்து தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் பெரிய தலை ஒருமுறை ஆடியது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது.

வண்டி ஒரு நகக்கண் அளவு பின்னால் வந்தது.

மாஸ்டர் கம்பிவேலியை இறுக்கிப் பிடித்தாள். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன ஆச்சு? சொல்லு.”

“சும்மா இருங்க.”

“நின்னுடுச்சா?”

“கண்ணைத் திறந்துதான் பாருங்களேன்.”

அவர் கண்ணைத் திறந்தபோது மேட்டின் உச்சியில் ‘பயிற்சி வண்டி’ பலகையின் முனை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் அந்தப் பக்கமாக இறங்கி மறைந்தது. அடிவாரத்துக் கோட்டில் பிரேக் பிடித்து நின்ற சத்தம் கேட்டது. இழுபடாமல், சொன்ன இடத்தில் நின்ற சத்தம். சிறிது நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். வண்டி நிமிர்ந்தது. வண்டியின் கூரைமேலேயே வைத்து ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு நர்சம்மாவிடம் நீட்டினார்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சிலேயே ஆரம்பித்தார்.

“எப்படி என் வேலை? நேத்து சாயங்காலம் உட்கார்ந்து நாலு சக்கரத்தையும் கழட்டி மாட்டலேன்னா இன்னிக்கு—”

“நீங்க மாட்டாம இருந்திருந்தா கழட்டவே வேண்டியிருந்திருக்காது. அவங்க ஏறினது கிளட்சால. கிளட்ச் சொல்லித் தந்தது—”

“உன் காலா?”

“என் வாய். கால் நடுவுல வந்தது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நடுவுல வந்த காலை யாரு கண்டுபிடிச்சது? குனிஞ்சு பார்த்தது நான்தானே—”

“அண்ணி சொல்லாம இருந்தா நீங்க கைதட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பீங்க—”

“ஏன், எட்டு சக்கரத்தையும் தூக்கி வச்சது யாரு—”

“—இடுப்பு வலிக்குதுன்னு சொன்னது யாரு—”

நர்சம்மா சீட்டை ஆட்டிக்கொண்டே வேலியோரம் நடந்து வந்தாள். “பாஸ்,” என்றாள். இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரி அலுவலகம் மதியம் மூடிவிடும் என்றாள். இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்றாள். கடைக்காரர் அப்போது உயரத்தையும் அகலத்தையும் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அதை மறுத்துக்கொண்டிருந்தாள்.

நர்சம்மா சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பிப் போனாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சீட்டைக் கைப்பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். பெல்ட் போட்டாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். மைதானத்தின் வாயில் வழியாக வண்டியை வெளியே கொண்டு வந்து, சண்டைக்குப் பக்கத்தில் சுத்தமாக நிறுத்தி, கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

“நான் போய் அந்த வேலையை வாங்கிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு, மெதுவா பஸ்ல வந்து சேருங்க.”